மூலை மழுக்கிய தகரம்

மெஷின் ஒரு தடவை தும்மியது. அதோடு சரி.

மெக்கானிக் கயிற்றை மறுபடி இழுத்தார். மறுபடி இழுத்தார். அதுவரை சட்டைக் கைதான் குறுக்கே நின்றது போல இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, பின்பிடியைச் செருப்புக்காலால் அழுத்தி மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மரம் அறுக்கிற அந்த மெஷின் ரம்பம், கோபித்துக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி, பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வாயே திறக்காமல் கிடந்தது.

"நேத்து சாயங்காலம் ஓடுச்சு மாப்ள. உங்க கண்ணு முன்னாடிதானே ஓட்டிக் காட்டினேன்? ரெண்டாவது இழுப்புல கெளம்புச்சா இல்லையா?"

"கெளம்புச்சு மச்சான். நான் இல்லைன்னா சொன்னேன்? நேத்து ஓடுச்சு. மரம் விழப்போறது இன்னைக்கு. நான் வேணா மரத்துக்கிட்ட போயி, எங்க மச்சான் மெஷின் நேத்தே தயார், நீதான் லேட்டுன்னு சொல்லிட்டு வரட்டா?"

இதைச் சொன்னவர் மரக்காரர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மரம் வெட்டுவதும் கிளை கழிப்பதும் அவர் தொழில். மெஷினைப் பழுது பார்த்துக் கொடுத்தவர் அவர் பெண்சாதியின் அண்ணன். அடுக்களை வாசலில் டீயை ஆற்றிக்கொண்டு நின்றவள் ஒருத்தருக்குத் தங்கை, இன்னொருத்தருக்கு மனைவி. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொள்கிற அந்த உத்தியோகத்துக்கு ஓய்வும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது.

மெஷின் ஏன் ஓடவில்லை என்பது அந்தப் பின்கட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவில் டீ நேர்க்கோடாக விழாமல் நெளிந்து நெளிந்து விழுந்தது.

சந்துக்கு எதிர்ப்பக்கம் தையலக்காவின் ஓட்டு வீடு. வீட்டை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். மார்பு உயரத்தில் இரண்டு கவையாகப் பிரிந்து, ஒரு கவை சந்துக்கு நிழலும் இன்னொரு கவை தையலக்காவின் கூரைக்குச் சருகும் கொடுத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தது. ராத்திரி அடித்த காற்றில் கவை பிரிகிற இடத்தில் பிளந்துவிட்டது. கூரைப் பக்கத்துப் பாதி, தையலக்காவின் ஓட்டுக்கு மேலே கவிழ்ந்தாற்போல நின்றது. பிளவுக்குள் ஒரு கை நுழையும். காற்று வந்தால் பிளவு திறக்கும், காற்று போனால் மூடும். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சரி வேண்டாம் என்று விட்டுவிடுகிற ஆள் மாதிரி.

மத்தியானத்துக்கு மேல் காற்று கூடும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். தீயணைப்பு ஆபீசுக்குப் போன் போட்டதற்கு, "ஊரெல்லாம் மரம்தாங்க விழுந்து கெடக்குது. விழாத மரத்துக்கு எப்ப வர்றதுன்னு எங்களால சொல்ல முடியாது. வீட்டை விட்டு வெளிய நில்லுங்க" என்றார்கள். தையலக்கா வெளியேதான் நின்றாள். அப்படியே நின்றுவிட்டால் பரவாயில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வீடு முழுக்க யூனிபார்ம் துணி. ஒரு துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், திண்டாடிக்கொண்டு மூச்சு வாங்குவாள், யாரும் பார்க்காதபோது மறுபடி உள்ளே போய்விடுவாள்.

"தம்பி! கெளம்பிருச்சா?" என்று சந்திலிருந்து குரல் கொடுத்தாள் தையலக்கா.

மரக்காரர் திரும்பவில்லை.

"இன்னும் இல்லக்கா, பாத்துட்டே இருக்காங்க!" என்று அவர் மனைவி அவருக்குப் பதிலாகக் கத்தினாள். இப்போதெல்லாம் இதுவும் அவள் வேலையாகிவிட்டது.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. இடது காது போயே விட்டது. வலது காது கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக மெஷின் அலறியதில் உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். பிடிபடாவிட்டால் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு சிரிப்பார். எதற்கும் பொருந்துகிற சிரிப்பு அது. "இந்த வீட்டுல எல்லாரும் இப்ப முணுமுணுன்னுதான் பேசுறீங்க" என்று குறைப்பட்டுக்கொள்வார். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் அந்த எல்லாரும் யார் என்று அவள் கேட்டதில்லை.

மரம் விழுவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும். உள்ளே நார் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம். கொஞ்சம் அறுத்துவிட்டு, மெஷினைத் தணித்து வைத்து, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி கொஞ்சம் அறுப்பதுதான் வேலை. அவர் இப்போதும் நடுவில் நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்கத்தான் செய்வார். பழக்கம். கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை. போன மழைக்கு முன்னால் ஒரு நாள் அவருடைய கூட்டாளி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான். "அக்கா, மேல கிளை முறிஞ்சுது. நான் தொண்டை கிழிய கத்துனேன். அவரு திரும்பல. சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன் பாருங்க, அப்படி. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கல. நான் பெயிண்டு அடிக்கப் போறேன்கா. என்னைத் தப்பா நெனைக்காதீங்க." அன்று மாலை மரக்காரர் கிழிந்த காலரோடு வந்தார். "ஆணியில மாட்டிக்கிச்சு" என்றார். அவள் தைத்துக் கொடுத்தாள். இருவரும் ஆணியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

அவளால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. காது கேட்காத மரக்காரனை எவன் மரத்தடிக்குக் கூப்பிடுவான்? அதைவிட, அவர் முகத்துக்கு நேரே சொன்னால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை.

ஆகவே விடிந்ததும், பிளந்த மரத்தைப் பார்க்க அவர் சந்துக்குப் போயிருந்தபோது, அவள் மெஷினைத் திறந்தாள். அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் வளர்ந்தவள்; பாவாடை கட்டிய வயதில் அவள் விளையாட்டுச் சாமான் ஸ்பேனர்தான். கார்புரேட்டரைத் தொட்டால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். பிளக்கைத் தொட்டால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். புகை வெளியேறுகிற சைலன்சரை எவனும் பார்க்க மாட்டான். பால்பவுடர் டப்பாவின் மூடியைக் கத்தரியால் வெட்டி, போல்ட்டுக்கு இரண்டு ஓட்டை ஆணியால் குத்தி, புகை போக வேண்டிய நடு ஓட்டையை மட்டும் போடாமல், இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் வைத்து முடுக்கினாள். மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே விட முடியாது. அப்படிப்பட்ட மெஷின் தும்மும், ஓடாது.

அவளுக்கும் அப்போதிலிருந்து கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

"டீயைக் குடுத்துட்டுப் போ. அங்கயே நின்னு ஆத்திட்டே இருந்தா அது ஐஸ் ஆயிடும்" என்றார் அண்ணன். அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்து டம்ளரைத் தரையில் வைத்தார். வைத்த இடம் சைலன்சருக்குப் பக்கம். அவள் டம்ளரைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"பெட்ரோல் எப்ப கலந்தீங்க மாப்ள?"

"நேத்து. நீங்கதான் கலந்தீங்க."

"ஆயில்?"

"அதையும் நீங்கதான் ஊத்துனீங்க. குத்தம் சொல்றதா இருந்தா உங்களையேதான் சொல்லிக்கணும். நான் வேணா கண்ணாடி எடுத்துட்டு வரட்டா?"

அண்ணன் பிளக்கைக் கழற்றினார். நனைந்திருந்தது. துடைத்து, உலோகத்தில் சாய்த்து வைத்து, கயிற்றை இழுத்தார். நீலமாக ஒரு பொறி பறந்தது.

"கரண்டு இருக்கு."

"கரண்டு ஆபீசுல சொல்லி வைங்க. தெருவுக்கு இல்ல, நம்ம மெஷினுக்கு இருக்குன்னு."

"கொஞ்சம் சும்மா இருங்க மாப்ள. பெட்ரோல் வருது. பொறி வருது." பிளக் இருந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்து மூடி இன்னொரு கையால் இழுத்தார். விரலைக் காற்று தள்ளியது. "அமுக்கமும் இருக்கு. எல்லாம் இருக்கு. அப்புறம் உனக்கு என்னதான்டா நோவு?"

கடைசிக் கேள்வி மெஷினிடம். அது பதில் சொல்லிவிடுமோ என்று அவள் ஒரு கணம் உண்மையிலேயே பயந்தாள்.

மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே தேங்கிய பெட்ரோலை வடித்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார். நிறுத்தும் சுவிட்சின் வயரை எடுத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி, வாயால் ஊதி, வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, மறுபடி மாட்டினார். பையிலிருந்து புதுப் பிளக்கை எடுத்துப் போட்டார். இழுத்தார். தும்மல். இழுத்தார். அதுவும் இல்லை.

அவர் ஆள் சிறுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்தில் யார் வீட்டு மெஷின் நின்றாலும் அவரிடம்தான் வரும். வந்தது திரும்பி ஓடித்தான் போகும். இன்றைக்குத் தங்கை வீட்டுப் பின்கட்டில், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க, அவர் காதோரத்தில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. புறங்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி. அவளுக்கு அழுகை வந்தது. ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் வரை இழுத்துவிட்டால் தீயணைப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். வராவிட்டால் மரம் விழும். விழட்டுமே. ஓடுதானே உடையும். புது ஓடு வாங்கி வேய்ந்துகொள்ளலாம்.

அப்போது சந்தில் யாரோ கத்தினார்கள். காற்று ஒன்று தெரு முழுக்கச் சருகை வாரிக்கொண்டு போனது. மரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பெட்டியை யாரோ நகர்த்தியது போல. அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். அவளும் நிமிர்ந்தாள். மரக்காரர் குனிந்து மெஷினின் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையலக்கா உள்ள இருக்காங்க!" தண்ணீர் கேன் போடுகிறவர் பின்கட்டு வாசலுக்கு ஓடிவந்து மூச்சிரைத்தார். "சொல்லச் சொல்லக் கேக்காம உள்ள போயிட்டாங்க அண்ணே. தையல் மெஷினைத் தூக்கணுமாம்."

இது மரக்காரருக்குப் புரிந்தது. கேன்காரர் கைகள் இரண்டையும் ஆட்டிக்கொண்டு நேரே நின்று பேசியதில் பாதி, அவர் முகம் மீதி. எல்லாரும் ஓடினார்கள். தையலக்கா வாசற்படியில் தையல் மெஷினின் தலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மேலே பிளவு திறந்து மூடியது. ஒரு ஓடு சரிந்து வந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி உடைந்தது.

"செத்துப்போவீங்கக்கா!" என்று மரக்காரர் அவளைப் பிடித்து இழுத்துவந்து சந்தில் விட்டார்.

"செத்தா சாகுறேன் தம்பி. இது போச்சுன்னா அப்ப மட்டும் என்ன? உள்ள இன்னொன்னு இருக்கு. நான் போகத்தான் போவேன். நீ எப்ப அறுக்குறேன்னு சொல்லு, அப்பத்தான் போகாம நிப்பேன்."

மரக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் பின்கட்டு மூலையிலிருந்து கோடாலியை எடுத்தார்.

"மாப்ள, என்ன பண்றீங்க?"

"உங்க மெஷினுக்கு மனசு வர்ற வரைக்கும் அந்தம்மா உசுரோட இருக்க மாட்டாங்க. கோடாலியிலயே பாத்துக்கறேன்."

"கோடாலிக்கு மரம் அதிருமே! ஒவ்வொரு வெட்டுக்கும் பிளவு விரியும்."

"தெரியும் மச்சான். மெஷின்னா ஒரு டீ குடிக்கிற நேரம் அதுக்கு அடியில நிப்பேன். இதுன்னா மத்தியானம் வரைக்கும் நிக்கணும். நின்னுதான் ஆகணும்." குழாயடிக் கல்லில் தண்ணீர் தெளித்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோடாலியைத் தீட்ட ஆரம்பித்தார்.

அவர் மரத்தடிக்குப் போகக்கூடாது என்றுதான் அந்தத் தகரத்தை வெட்டினாள். இப்போது அதே தகரம் அவரை அதே மரத்தடியில், அதிர அதிர, மத்தியானக் காற்று வரைக்கும் நிற்க வைக்கப்போகிறது. இதை யோசிக்காமல் விட்டாளே. மெஷின் நின்றால் மனுஷனும் நின்றுவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"அண்ணா."

"என்ன?"

"சைலன்சரைப் பாத்தியா?"

"சைலன்சர்ல என்ன இருக்கப்போகுது? நேத்துத்தான் கழட்டி மாட்டுனேன்."

"பாரேன்."

அண்ணன் அவளைப் பார்த்தார். இரண்டு போல்ட்டையும் கழற்றினார். சைலன்சரோடு தகரம் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். ஒரு பக்கம் கரி. மறுபக்கம் நீலப் பெயிண்டில் ஒரு மாட்டின் பின்பாதியும் வாலும். அவர் கட்டை விரல் தகரத்தின் மூலைகளைத் தடவிக்கொண்டு போனது. நாலு மூலையும் மழுக்கி உருட்டியிருந்தது. கை கிழியக்கூடாது என்று சின்ன வயதில் தகரம் வெட்டும்போதெல்லாம் அவள் செய்கிற வேலை. உலகத்தில் வேறு எவனும், அண்ணனைக் கவிழ்க்கத் தகரம் வெட்டிவிட்டு, அண்ணன் விரல் கிழியக்கூடாது என்று மூலையை மழுக்கமாட்டான்.

"அறிவு இருக்கா உனக்கு?" என்றார் தாழ்ந்த குரலில். "காலையிலேர்ந்து நான் நாய் படாத பாடு படுறேன். நீ எனக்கு டீ குடுத்துட்டு நிக்கிற!"

"அவருக்குக் காது கேக்கல அண்ணா."

"மெதுவாப் பேசு, திரும்பிடப் போறாரு."

"மெதுவா எதுக்குப் பேசணும்?" அவள் குரலை உயர்த்தினாள். வழக்கமாகச் சந்து வரை கேட்கிற குரல். "அவருக்குக் காது கேக்கலைன்னு சொல்றேன். ரெண்டு காதும். மரம் முறியற சத்தம் கேக்காது. கூட வேலை பாத்தவன் அதனாலதான் ஓடிப்போனான். நான் வேற என்ன பண்ணுவேன்?"

குழாயடியில் கோடாலி கல்லில் உரசிக்கொண்டிருந்தது. சீராக, நிற்காமல்.

அண்ணன் மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தார். கையிலிருந்த பெரிய ஸ்பேனரைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டார். அது கணீரென்று விழுந்து குதித்து உருண்டது. மதில்மேல் இருந்த காகம் பறந்தது. பக்கத்து வீட்டில் யாரோ என்னவென்று கேட்டார்கள். முதுகு அசையவில்லை.

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையில் இருந்து அந்த ஆளோடு மல்லுக்கட்டிப் பேசியிருக்கிறார், எதிரே நின்று.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

யோசித்தார். "தகரம் வெட்டியிருக்க மாட்டேன்" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் உறுதி இல்லை.

தகரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சைலன்சரை மாட்டி முடுக்கினார். கயிற்றை ஒரு இழுப்பு. மெஷின் அலறிக்கொண்டு கிளம்பியது. பின்கட்டு நீலப் புகையில் மூழ்கியது. மரக்காரர் திரும்பினார். சத்தத்துக்கா, உள்ளங்காலில் ஏறிய அதிர்வுக்கா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

"என்ன மச்சான், என்ன ஆச்சு?"

"புகை போற வழி அடைச்சிருந்துச்சு மாப்ள." அண்ணன் நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "கரி. நான் தொடைக்க மறந்துட்டேன். என் தப்புதான்."

"மூக்கடைப்பா? இதுக்கா பிளக்கு, வயரு, கார்புரேட்டருன்னு காலையெல்லாம் அறுத்தீங்க? டாக்டருக்குப் படிச்சிருந்தா ஊரே காலி மச்சான்!" மரக்காரர் மனசாரச் சிரித்தார். அண்ணன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். பெரிய மனுஷன்தான்.

அவள் சிரிக்கவில்லை. இனி அவரைத் தடுக்க அவளிடம் தகரமும் இல்லை, பொய்யும் இல்லை. மரமும் அவரும்தான் பாக்கி.

"கெணத்துல தூர் வார்றவங்க இடுப்புல கயிறு கட்டிக்குவாங்கல்ல" என்றாள் அண்ணனிடம். "மேல நிக்கிறவன் இழுத்தா கீழ இருக்கிறவன் வந்துடணும்."

அண்ணனுக்குப் பிடிபட்டது. மரக்காரரின் முன்னால் போய் நின்றார். "மாப்ள, நீங்க அறுக்கும்போது மேல பாக்க ஒரு ஆள் வேணும். கூட்டாளியும் இல்ல. உங்க இடுப்புல ஒரு கயிறு, முதுகுப் பக்கம் முடிச்சு, ரம்பத்துக்கு எட்டாத மாதிரி. தங்கச்சி பிடிச்சுக்கும். அவ இழுத்தா நீங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரணும்."

"என்ன மச்சான், என்னை மேய்ச்சலுக்கா ஓட்டுறீங்க?"

"மெஷின்ல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மனசு சரியில்ல. எனக்காகக் கட்டிக்கங்க."

அதற்கு மரக்காரரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

சாய்ந்த பாதியின் மேல்கிளையில் வடம் எறிந்து மாட்டி, சந்தின் காலியான பக்கத்தில் நின்ற கேன்காரரின் வண்டியில் கட்டி, வண்டியை நகர்த்தி விறைப்பாக இழுத்து வைத்தார்கள். அறுபட்டதும் மரம் கூரையை விட்டுச் சந்துக்குத் திரும்பி விழ வேண்டும். மரக்காரர் முதலில் தனக்குப் பின்னால் சருகையும் குச்சியையும் காலால் தள்ளி, ஓடுகிற வழியைச் சுத்தம் செய்தார். பிறகு மெஷினைத் தூக்கினார். அவள் கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அண்ணி ஒரு வழியா உங்களைக் கயித்துல கட்டிட்டாங்க போல!" என்றார் வண்டியில் உட்கார்ந்திருந்த கேன்காரர். தெரு சிரித்தது. மரக்காரரும் சிரித்தார், எதற்கும் பொருந்துகிற அந்தச் சிரிப்பு.

மெஷின் மரத்துக்குள் இறங்கியது. மரத்தூள் நனைந்த மாவு போலக் கொட்டியது. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இலைகளுக்கு நடுவில் மேகம் ஓடியது. மேகம் ஓடுகிறதா, மரம் ஓடுகிறதா? இழுத்தாள்.

அவர் மெஷினை வைத்துவிட்டு ஓடிவந்தார். மரம் அப்படியே நின்றது.

"என்ன?"

"மேகம்" என்றாள்.

தெரு இன்னும் சத்தமாகச் சிரித்தது. அவர் போனார். மறுபடி அறுத்தார், தணித்தார், பழக்கத்தில் தலையைச் சாய்த்தார். காற்று ஒன்று வந்து பிளவைத் திறந்தது. அவள் இழுத்துவிட்டாள். அவர் வந்தார், இந்தத் தடவை ஓடாமல் நடந்து. மரம் நின்றது.

"இப்ப என்ன, சூரியனா?" முகம் சிவந்திருந்தது. "இந்தா பாரு, இப்படி நிமிஷத்துக்கு ஒரு தரம் இழுத்தா நான் கயித்தை அவுத்துப் போட்டுட்டுத்தான் அறுப்பேன்." கை முதுகுப் பக்கம் முடிச்சைத் தேடிப் போனது.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அவர் முகத்துக்கு மிக நெருக்கமாக வந்து நின்றாள். தரையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. அவர் காதிலும் விழவில்லை, உதட்டில் படித்தார்.

"உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்."

அந்தச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. பிறகு முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"காலர் கிழிஞ்ச அன்னையிலேர்ந்து. நான் கேட்டுச் சொல்றேன். தப்பா இழுத்தாலும் வந்துடுங்க. பத்துத் தரம் தப்பா இழுத்தாலும் வந்துடுங்க. தெரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேன்காரர் ஏதோ சொல்ல, அண்ணன் அவரை அதட்டுவது கேட்டது. மரக்காரர் கையை முதுகுக்குக் கொண்டுபோய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவிழ்க்கவில்லை. இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். போய் மெஷினைத் தூக்கினார்.

அவள் இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் அலறியது, தணிந்தது, அலறியது, தணிந்தது. தணிகிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் தன் காதைக் கொண்டுபோய் வைத்தாள். இலைச் சலசலப்பு. வடம் முறுகுகிற சத்தம். எங்கோ தையலக்கா எந்தச் சாமியையோ கூப்பிட்டு வேண்டிக்கொள்வது. தன் இதயம் வேறு. அதை விலக்கி வைக்க வேண்டியிருந்தது. மறுபடி அலறல். மறுபடி தணிந்தது.

அப்போது கேட்டது.

பயத்தில் கேட்டதா நிஜத்தில் கேட்டதா என்று யோசிக்க அவள் நிற்கவில்லை. உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது அவர் மெஷினைக் கீழே விட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார். மேலே பார்க்கவில்லை, பின்னால் திரும்பவில்லை, மரம் விழுகிறதா என்று கேட்கவில்லை. அவளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

அவருக்குப் பின்னால் வானம் சாய்ந்தது. பாதி மரம் கூரை ஓரத்து ஓடுகளையும் தையலக்காவின் பெயர்ப்பலகையையும் வாரிக்கொண்டு, வடம் இழுத்த பக்கம் திரும்பிச் சந்தில் விழுந்தது. அடிக்கட்டை எம்பி, அவர் நின்றிருந்த இடத்தை உழுதுகொண்டு போய் மதிலில் முட்டி நின்றது. தரை குலுங்கியது. பிறகு இலைகள்தான் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தன.

தெருவே கத்தியது. தையலக்கா அழுதுகொண்டு உள்ளே ஓடினாள், இன்னொரு தையல் மெஷினைப் பார்க்க. இலைக் குவியலுக்குள் மெஷின் ரம்பம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை அணைக்கப் போனார். காலையெல்லாம் ஓட வைக்கப் பட்ட பாட்டில், அணைக்கிற சுவிட்சு எது என்று அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.

மரக்காரர் அவளுக்கு எதிரே நின்று மூச்சு வாங்கினார். புருவத்தில் மரத்தூள். கயிறு இன்னும் அவர் இடுப்பில் இருந்தது; இந்த முனை அவள் மணிக்கட்டில் இறுகிச் சிவந்த தடம் போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் அவிழ்க்கத் தோன்றவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அவர்.

"எது?"

"சத்தம்."

"முதல்ல... புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி. மெதுவா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கிழிக்கிற மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் அடியிலேர்ந்து ஒரு முனகல். தூக்கத்துல புரண்டு படுக்கிறவங்க முனகுவாங்கல்ல, அப்படி. உடனே டொப்புன்னு ஒண்ணு. அதுக்குள்ள நான் இழுத்துட்டேன்."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்த பிறகும் பார்த்தார்.

"அதேதான்" என்றார் மெதுவாக. "தூங்குமூஞ்சி அப்படித்தான் முனகும்." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர் போல, "இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

அவள் புதுத்துணியிலிருந்து ஆரம்பித்தாள்.